தரைக்குத்தான் வலிக்கும்

நாலு வயது முடிகிறவரை கவிநிலா ஒரு வார்த்தை பேசவில்லை. வேலூரில் காட்டினார்கள், சென்னையில் காட்டினார்கள். ஆட்டிசம் என்றார்கள். பேச்சு வரலாம், வந்தால் அவளுக்கு வாய்த்தபடிதான் வரும் என்று டாக்டர்கள் இழுத்தார்கள். சொந்தக்காரர்களுக்கு அந்த இழுவையெல்லாம் கிடையாது. பௌர்ணமி தவறாமல் மலை சுற்று என்றார்கள், நாக்கில் தேன் தடவு என்றார்கள், டிவியைத் தூக்கிப் பரண்மேல் போடு என்றார்கள். எல்லா யோசனையும் தாய்க்குத்தான் வந்து சேர்ந்தது. தகப்பன் பிரசாத்திடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

டிவியைப் பரண்மேல் போட அருணாதேவியால் முடியாது. அவள் பிழைப்பே அதில்தான் இருந்தது. வெளிநாட்டுக் கார்ட்டூனுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள் அவள். அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருவொன்றில் மாடிப் போர்ஷன். பிரசாத்துக்கு டவுனில் ஒரு லாட்ஜில் மேனேஜர் உத்தியோகம். சென்னையிலிருந்து படம் இவளுடைய கம்ப்யூட்டருக்கு வரும். எழுதி அனுப்பினால், டப்பிங் டைரக்டர் இராமலிங்கம் அங்கே ஆட்களை வைத்துக் குரல் பதிவு செய்வார். பொம்மையின் வாய் எத்தனை தடவை திறக்கிறதோ அதற்குத் தக்கபடி வார்த்தை வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ வந்தாக வேண்டும். “லிப் உக்காரணும் மேடம்” என்பார் இராமலிங்கம். கருத்து உட்கார்ந்ததா என்று அவர் கேட்டதே இல்லை.

தொடரின் பெயர் ‘நீலு’. ஆற்றங்கரையில் ஒரு நீர்நாய்க் குட்டி, அதற்குக் கூட்டாளி ஓர் ஆமை. முதல் சீசனில் ஒன்றுமே நடக்காது. நீலு தும்பி பிடிக்கப் போகும், மழை வந்துவிடும், இலைக்கடியில் உட்கார்ந்து இரண்டும் மழை பார்க்கும், அத்தோடு கதை முடிந்துவிடும். அப்படி ஒரு கதையில் நீலு பாறையில் வழுக்கி விழுந்தது. மூலத்தில் வெறும் முனகல்தான். அருணாதேவி வாயசைவைப் பார்த்து எழுதினாள்: “வலிக்குது. கொஞ்சம் ஊதிவிடேன்.” ஆமை மெதுவாக வந்து ஊதியது.

அது டிவியில் வந்த கொஞ்ச நாளில் கவிநிலா குளியலறைக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். அழவில்லை. அடுப்படிக்கு வந்து விரலை நீட்டி, நீலுவின் குரலில், நீலு இழுத்த அதே இழுப்போடு சொன்னாள்: “வலிக்குது. கொஞ்சம் ஊதிவிடேன்.”

அருணாதேவி ஊதினாள். அழுதுகொண்டே ஊதினாள். பிரசாத்துக்குப் போன் போட்டால் பேச்சு வரவில்லை. அவன் என்னமோ ஏதோ என்று பதறி, கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடி வந்தான்.

அன்றைக்குப் பிடித்தாள் அவள் சூட்சுமத்தை. அம்மா நூறு தடவை சொல்லிக் கொடுத்தாலும் ஏறாதது, நீலு ஒருதரம் சொன்னால் ஏறிவிடும். பிறகென்ன, மகளுக்கு எது வேண்டுமோ அதை நீலுவின் வாயில் வைத்தாள். “சத்தம் ஜாஸ்தியா இருக்கு, வெளிய போலாம்.” “பசிக்குது, ஆனா அது வேணாம்.” “இப்ப தொடாத, அப்புறமா தொடு.” லிப் உட்கார்ந்ததால் இராமலிங்கம் வாய் திறக்கவில்லை. அந்த நீர்நாய் அதன் சொந்த பாஷையில் என்ன பேசியதோ, அண்ணாமலையாருக்கே வெளிச்சம். ஐந்து சீசன் இப்படி ஓடியது. கடைத்தெருவில் நெரிசலில் மாட்டிக்கொண்டு மகள் காதைப் பொத்தி, “சத்தம் ஜாஸ்தியா இருக்கு” என்று சொன்ன நாளில், உலகத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இல்லை என்று அருணாதேவி நினைத்தாள். நினைக்கட்டுமே, தப்பென்ன.

ஆறாவது சீசனில் தொடரை வேறொரு கம்பெனி வாங்கியது. நீலுவுக்குக் கண் பெரிதானது, கால் நீண்டது. குரல் கொடுத்துவந்த பையனுக்குக் குரல் உடைந்ததால் குரலும் மாறியது. ஆறு காணாமல் போய் ஊர் ஒன்று வந்தது. நீலு மொட்டைமாடியிலிருந்து விழுந்தது, லாரியில் மோதியது, வெடி வெடித்துப் பறந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கும்பலாகச் சிரிப்புச் சத்தம். முன்பு ஊதிவிட்ட ஆமையை அதன் முதுகை வைத்தே கேலி செய்வது கதைக்குக் கதை நடந்தது. பார்க்கிற பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அதற்கேற்ப நீலுவும் வளர வேண்டாமா என்று சேனலில் விளக்கம் சொன்னார்களாம். வளர்ந்த பிள்ளைகள் எப்போதோ பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இப்போது வாயைப் பிளந்து பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம் பிறந்ததுகள்.

ஏழாவது சீசன் ஆரம்பத்தில் இராமலிங்கம் போன் செய்தார்.

“மேடம், ஸ்கிரிப்ட் பார்த்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா சேனல்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. கவுண்டர் டயலாக் வேணுமாம். நீலு விழுந்தா அழக் கூடாது, மாஸா எழுந்துக்கணும். யாருக்கும் வலிக்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

“விழுந்தா வலிக்காதா சார்?”

“நமக்கு வலிக்கும். நீலுவுக்கு வலிக்காது.”

அந்தக் கதையில் ஓர் இடத்தில் நீலு விழுந்து எழுந்து வாயை நீளமாக அசைக்கும். “வலிக்குது” போட்டால் பாதி அசைவுக்குக்கூடக் காணாது. அருணாதேவிக்கு எரிச்சல் வந்தது. எப்படியும் தூக்கிப் போடப்போகிறார் என்ற நினைப்பில் கிறுக்கி அனுப்பினாள்: “நான் விழுந்தா எனக்கா வலிக்கும்? தரைக்குத்தாண்டா வலிக்கும்!”

தூக்கிப் போடவில்லை. நீலு விழுகிற இடத்திலெல்லாம் அதையே போட்டார்கள். ஸ்கூல் வேன்களில் பிள்ளைகள் கத்திக்கொண்டு போயின. காலேஜ் பையன்கள் பைக்கிலிருந்து விழுகிற வீடியோவுக்கெல்லாம் அந்தக் குரலை ஒட்டினார்கள். இராமலிங்கம் வாழ்த்துச் சொன்னார். ரெண்டு நாள் அருணாதேவியும் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தாள்.

அதே வாரம் கவிநிலா மாடிப்படியில் உருண்டாள். சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடினால், அவள் எழுந்து நின்று இடுப்பில் கைவைத்து, “நான் விழுந்தா எனக்கா வலிக்கும்? தரைக்குத்தாண்டா வலிக்கும்!” என்றாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பிரசாத் சிரித்துவிட்டான், உடனே அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சிரிப்பும் வசனத்தில் சேர்த்தி. அது வந்தால்தான் சொல்லி முடித்த மாதிரி. அப்புறம்தான் முழங்கால் ரத்தத்தில் பாவாடை நனைவதைப் பார்த்தார்கள்.

பழைய கதைகள் அருணாதேவியின் லேப்டாப்பில் இருந்தன. போட்டுக் காட்டினாள். கவிநிலா கையால் திரையை மூடி, “நீலு இல்ல” என்றாள். முகம் வேறு, குரல் வேறு. அவளுக்கு இப்போது ஓடுகிற நீலுதான் நீலு. மற்றது யாரோ. யாரோ சொன்ன வார்த்தையை அவள் எதற்கு வைத்துக்கொள்வாள்? ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘சத்தம் ஜாஸ்தி’ போனது, ‘அப்புறமா தொடு’ போனது. கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு, ஆமையைத் திட்டுகிற வசை ஒன்றை எதிரில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னாள்.

அருணாதேவி இராமலிங்கத்திடம் உண்மையைச் சொல்லிக் கெஞ்சினாள். “ஒரே ஒரு தடவை சார். ஒரு கதையில நீலு வலிக்குதுன்னு சொல்லட்டும்.” நல்ல மனுஷன், பதிவு செய்தும் விட்டார். டிவியில் வந்தபோது அந்த இடத்தில் மேளம் அடித்தது. “மிக்ஸிங்ல தூக்கிட்டாங்க மேடம். என் கையில ஒண்ணும் இல்ல. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க” என்றார்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டால் வேறு யாரோ எழுதுவார்கள். மகள் அடுத்த மாதம் என்ன பேசப்போகிறாள் என்பதுகூட அப்புறம் தெரியாது. அதனால் எழுதினாள். எழுதும்போது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் எழுதினாள்.

அது ஒரு பௌர்ணமி நாள். லாட்ஜ் நிரம்பி வழிந்ததால் பிரசாத் விடிவதற்கு முன்பே போய்விட்டான். மறுநாளைக்குள் ஒரு கதை அனுப்ப வேண்டும். கவிநிலா டிவி முன்னால் சுருண்டு படுத்திருந்தாள். இட்லியைத் தொடவில்லை. “தரைக்குத்தாண்டா வலிக்கும்” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். டிவியிலும் நீலு சொல்லிக்கொண்டே இருந்தது. விளையாட்டுக்கும் அதைத்தான் சொல்லுவாள், வலித்தாலும் அதைத்தான் சொல்லுவாள். எது எப்போது என்று எந்தத் தாய் கண்டாள்? அருணாதேவி வேலை செய்தபடியே அவ்வப்போது ‘ஹஹ்ஹா’ என்று ஒரு சிரிப்பைக் கொடுத்தாள். கொடுத்ததும் மகள் அடங்கினாள். பிற்பகலில் சாதம் ஊட்டப் போய் நெற்றியைத் தொட்டபோது கை சுட்டது. வயிற்றின் வலது பக்கம் கை பட்டதும் பிள்ளை வில்லாக வளைந்தாள்.

ஆட்டோக்கள் எல்லாம் கிரிவலத்துக்கு வந்தவர்களை ஏற்றப் போய்விட்டன. மெயின் ரோடு வரை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, பக்தர்கள் நெருக்கியடித்த ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினாள். ஒரு குலுக்கலில் கவிநிலா வசனத்தைச் சொன்னாள். ஆட்டோவே சிரித்தது. “பாப்பா சூப்பரா பேசுதும்மா, சுத்திப் போடுங்க” என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்தினார். “வலிக்குதாம்மா?”

“நான் விழுந்தா எனக்கா வலிக்கும்? தரைக்குத்தாண்டா வலிக்கும்!”

டாக்டர் அருணாதேவியைப் பார்த்தார். அங்கே யாரும் சிரிக்காததால் கவிநிலா திரும்பச் சொன்னாள், இன்னும் உரக்க. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

“வலிக்குதுன்னு சொல்றா டாக்டர்” என்றாள் அருணாதேவி. “அவ அப்படித்தான் சொல்லுவா.”

“எப்பலேர்ந்து சொல்றா?”

“காலையிலேர்ந்து.”

“காலையிலேர்ந்தா? ஏம்மா, அப்பவே கூட்டிட்டு வரக் கூடாதா?”

குடல்வால் வெடித்துவிட்டது என்று சொல்லி உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பிரசாத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். “மருந்து வேகம் இறங்கினா வலி வரும். பாப்பா சொன்னா சிஸ்டர் ஊசி போடுவாங்க. இருமக் கூடாது, கத்தக் கூடாது, தையல் இழுத்துக்கும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அருணாதேவி நர்ஸ் சிந்துஜாவைத் தனியே அழைத்து, இன்ன வசனம் சொன்னால் வலி என்று அர்த்தம் என்றாள். “சரிங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்” என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். பார்த்தும் கொண்டாள். ஆனால் இரண்டு மணிக்கு டூட்டி மாறியது. பிரசாத்தும் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தான்.

கவிநிலா கண் விழித்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான் விழுந்தா எனக்கா வலிக்கும்? தரைக்குத்தாண்டா வலிக்கும்!”

வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. கையில் மாவுக்கட்டோடு ஒரு வாண்டு, மூக்கில் டியூபோடு ஒன்று, எல்லாம் சேர்ந்து “தரைக்குத்தாண்டா வலிக்கும்!” என்று கூவிச் சிரித்தன. தாய்மார்களும் சிரித்தார்கள். புதிதாக வந்த நர்ஸ் ஓடி வந்து, “ஐய், அதே வாய்ஸ்! இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா” என்றாள்.

“சிஸ்டர், அவளுக்கு வலிக்குது. ஊசி போடுங்க.”

“என்னம்மா நீங்க, புள்ள எவ்ளோ ஜாலியா இருக்கா, பாருங்க.”

“ஜாலி இல்லம்மா அது!” அருணாதேவி கத்தினாள். “யாரும் சிரிக்காதீங்க. தயவுசெஞ்சு யாரும் சிரிக்காதீங்க.” நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கம்பியை இறுக்கி வெளுத்துப்போயிருந்த மகளின் விரல்களின்மேல் வைத்தாள். நர்ஸின் முகம் மாறியது. சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். “டாக்டர கேட்டுட்டு எடுத்துட்டு வரேம்மா. கத்த வேணாம்னு சொல்லுங்க, தையல் பிரிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

வார்டு கப்சிப்பென்று ஆனது. பிள்ளைகள் பயந்துபோய்ப் போர்வைக்குள் புகுந்தன.

அந்த அமைதியில் கவிநிலா மறுபடியும் சொன்னாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். வயிறு எக்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தையல்மேல் ஒட்டியிருந்த பஞ்சில் சின்னதாகச் சிவப்பு தெரிந்தது. “வேணாம்டா தங்கம், அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, புரிஞ்சிடுச்சு” என்று அருணாதேவி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளும் மகள் அதையே ஆரம்பித்தாள்.

அருணாதேவி கையை எடுத்தாள். மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து, டிவியில் வருகிற மாதிரி பெரிதாகச் சிரித்தாள். அடுத்த கட்டில்காரி, இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள்.

கவிநிலா கம்பியை விட்டாள். சொல்லி முடித்த நிம்மதியில் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஊசி இன்னும் வரவில்லை. உதடு மறுபடி அசைந்தது. அருணாதேவி மறுபடி சிரித்தாள்.