கிளை தந்த மறுமொழி

ஆற்றை அணைத்துக் கிடந்த அந்நகரின் கூரைகள்மீது முற்பகல் வெயில் மெல்ல ஏற, வண்டிகளின் கடகடப்பும் கூவி விற்போர் குரலும் கலந்து தெருக்களை நிறைத்த வேளையில், பாலத்தை அடுத்த தச்சுப்பட்டறையில் பத்தொன்பது அகவை இளைஞன் ஒருவன் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். போர்முனையினின்று உறுப்புக் குறையாது மீண்ட அவனைக் கண்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று மகிழ்ந்தனர் ஊரார். ஊர் வாய்க்கு என்ன! அவன் இடக்கை சற்றைக்கொருமுறை தானே வெட்டியிழுப்பதையும், ஓராண்டாய் உறக்கம் பிடியாது அவன் கண்கள் சிவந்திருப்பதையும் எவர் நின்று பார்த்தார்?

அன்று அவனைத் தேடி வந்தாள் ஒரு தாய். அவனோடு போருக்குச் சென்று மாண்ட தோழனைப் பெற்றவள்.

"தம்பி, கடைசி நேரத்துல நீதானே பக்கத்துல இருந்தே. என் புள்ள எப்படிப் போனான்? அதை மட்டும் சொல்லிடுப்பா."

நோவின்றி இறந்தான் என்றொரு பொய்யை அவன் பல திங்களாய் இழைத்து வழவழப்பாக்கி வைத்திருந்தான். பாழும் பொய்! அவள் முகம் கண்டதும் அதைச் சொல்லாது, இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"நான்தாம்மா அவனைக் கொன்னுட்டேன்."

அவன் விம்மி விம்மி உரைத்ததைக் கேளுங்கள், கற்றறிந்தோரே. முப்பதடி இடைவெளியில் இரு குழிகள், குழிக்கொருவராய்க் காவல். உறங்கிவிடாதிருக்க இருவர் மணிக்கட்டையும் ஒரே கயிற்றால் பிணைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒருவன் இழுத்தால், விழித்திருக்கிறேன் என மற்றவன் திருப்பி இழுக்கவேண்டும். மாற்றுக் காவலர் வாராமையால் நான்கு நாள் இமை மூடாதிருந்த இவன், ஐந்தாம் நாள் விடியற்பனியில், கயிற்றை அவிழ்த்து ஒரு புதர்க்கிளையில் கட்டிவிட்டு உறங்கினான். இழுத்தால் வளைந்து மீளும் கிளை, இழுத்தவன் கைக்கு மறுமொழியும் தந்தது. பகைவர் சூழவே தோழன் இழுத்தான். நண்பன் விழித்திருக்கிறான், துணைக்கு வருவான் என நம்பி, ஓடாது நின்றான். வெடியோசையில் துள்ளியெழுந்த இவன் முதலில் கண்டது, அக்கிளை ஆடுவதையே.

அவள் அவனது சிவந்த கண்களை உற்றுப் பார்த்தாள்.

"நாலு நாளா தூங்கலையா நீ?"

"ஆமாம்மா."

"அவனும் நாலு நாள்தானே?"

"ஆமா."

"அவன் கட்டலையே."

அவன் மரத்தூளில் சரிந்து அவள் கால்களைப் பற்றினான். அவள் உதறவுமில்லை, தூக்கவுமில்லை. பின்னர் மெல்லக் கால்களை விடுவித்துக்கொண்டு, வாயிலில் நின்று சொன்னாள்:

"நாளைக்கும் வருவேன். அங்க அவன் என்ன சாப்பிட்டான், எதுக்குச் சிரிச்சான், எல்லாத்தையும் சொல்லணும். மன்னிப்பு மட்டும் கேக்காதே. அது என்கிட்ட இல்ல."

பெற்றவளிடமே இல்லாத ஒன்றை அவன் வேறெவரிடம் போய்க் கேட்பான்? பால்மணம் மாறாப் பிள்ளைகளை நான்கு நாள் உறங்கவிடாது நிறுத்திய தலைவர் எவரும் அப்பட்டறைப் பக்கம் வந்தாரில்லை. நாமும் போகவில்லை. அவ்விருவரும் படையோடு புறப்பட்ட நாளில், தெருவின் இருமருங்கும் நின்று கை சிவக்கத் தட்டி வழியனுப்பியவர் நாமே. அனுப்பிவிட்டு வீடு திரும்பி, அன்று நன்றாகவே உறங்கினோம்.