பன்னிரண்டு பேருக்கு ஒரு மூச்சு

1

இந்தக் கதைக்கு வித்து நான் எழுதிய ஒரு வரி. கதைக்காக எழுதியதல்ல, ஓர் ஒப்புதல் படிவத்துக்காக எழுதியது.

மூன்று துறைக்காரர்கள் சேர்ந்து நெய்வேலிப் பக்கம் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நெஞ்சு நோய் டாக்டர் ஒருவர், பல்கலைக்கழக உயிரியல்காரர் ஒருவர், புள்ளியியல் பேராசிரியை ஒருவர். வடலூர் போகிற வழியில் அனல் மின் நிலையச் சாம்பலில் செங்கல் போடும் பட்டறைகள் உண்டு. அங்கே சாம்பல் சுமக்கும் கான்ட்ராக்ட் ஆட்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆட்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தின் தமிழோ கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையாது. எளிதாக்கித் தரச் சொன்னார்கள், செய்து கொடுத்தேன். அதில் எட்டாவது வரி இது: 'உங்கள் பெயர் எங்கேயும் வராது.'

நல்ல வரி என்றுதான் நினைத்தேன்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'சுரங்கத்துச் சைரன் ஊதியபோது எழில்மதி' (வேண்டாம். நெய்வேலி என்றாலே சைரனை ஊத வைத்துவிடுகிறார்கள்.)

'மனிதன் ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறை மூச்சு' (இது அந்த நெஞ்சு நோய் டாக்டர் அறிவழகனின் பேச்சு. கல்யாண வீட்டில் மைக் கொடுத்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்.)

மூன்றாவது தொடக்கம் அலுப்பில் வந்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நகரியத்தில் ஒரு பிளாக்கின் சமுதாயக் கூடம். ஆராய்ச்சி மாணவி எழில்மதி ஊதும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வருகிற ஆள் முதலில் அடுத்த மேசையில் ஒரு குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். பிறகு இங்கே வந்து, மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். மூன்று முறை. ஊத ஊத அவள் பக்கத்தில் நின்று கத்த வேண்டும், "ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும்!" என்று. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சாமிக்கண்ணு."

வந்து உட்கார்ந்தவன் செல்வகுமார். இருபத்து நான்கு வயது. பட்டறையில் சுமை, மிச்ச நேரத்தில் கபடி. அரை மணி முன்னால்தான் தன் பெயருக்கு ஊதிவிட்டுப் போயிருந்தான்.

"நீ எப்பலேர்ந்துடா சாமிக்கண்ணு?"

"இப்பலேர்ந்துதாங்க்கா." குரலைத் தாழ்த்தினான். "மாமா எச்சில் குடுத்துட்டாரு. ஊத மட்டும் என்னைப் போவச் சொன்னாரு. பேரு எங்கியும் வராதுன்னு பேப்பர்லயே போட்டிருக்குது. பேரே வராதுன்னா யாரு ஊதுனா என்னாக்கா?"

பட்டறை வழக்கம் அது. இடுப்பு பிடித்துக்கொண்டவனின் சுமை நடையைத் தெம்பு உள்ளவன் சேர்த்துத் தூக்கிவிடுவான். மேஸ்திரி நடையைத்தான் எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஆராய்ச்சியும் ஒரு மேஸ்திரி வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எழில்மதி ஜன்னல் வழியே பார்த்தாள். வேப்ப மரத்தடியில், சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு, சாமிக்கண்ணு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே மேஸ்திரி மருதமுத்து பைக்கில் உட்கார்ந்திருந்தார், 'சும்மா' வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

(சாமிக்கண்ணு அவளுடைய அப்பா. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவளும்தான் ஆய்வுக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.)

"ஊது," என்றாள்.

அப்பாவுக்கு விட்டவள் அடுத்தவனை எந்த வாயால் மாட்டேன் என்பாள்? சாயங்காலத்துக்குள் செல்வகுமார் பதினோரு பேருக்காக ஊதினான். ஏழாவது ஆளுக்கு ஊதி முடித்தபோதே கண் சொருகிவிட்டது.

"பைனல்ல கூட இவ்ளோ தம் கட்டுனதில்லக்கா. காது அடைச்சிகினு கொய்யிங்குது."

"டீ குடிச்சிட்டு வா. இன்னும் நாலு பேரு இருக்காங்க."

4

மூன்று மாதம் கழித்துக் கூட்டம் கூடினார்கள். மெஷின் வரைந்த மூச்சுப் படங்களில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும். எந்த எண் யார் என்ற நோட்டு எழில்மதியின் டிராயரில், பூட்டி.

புள்ளியியல் பேராசிரியை தேவயானி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் பன்னிரண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே படியுது. இது ஒரே ஆளு."

"எச்சில்ல பன்னிரண்டு ஆளு இருக்காங்க, மேடம்." இது சிவசங்கர், உயிரியல், எழில்மதியின் வழிகாட்டி. "எங்க லேப்ல டி.என்.ஏ. ரெண்டு தடவ பாத்தாச்சு."

"அப்ப எங்க கணக்குதான் தப்பா?"

டாக்டர் அறிவழகன் கண்ணாடியைக் கழற்றினார். "மெஷின் சரியா இருக்கு. ஆனா அம்பத்தாறு வயசு, இருபது வருஷம் சாம்பல் தூக்குனவரு இப்படி ஊதுனாருன்னா, நான் போர்டைக் கழட்டிட்டு வூட்டுக்குப் போயிடறேன்."

மூன்று பேரும் சொன்னது சரி. மூச்சு ஒருவனுடையது, எச்சில் பன்னிரண்டு பேருடையது, ஐம்பத்தாறு வயதில் அப்படி ஊத முடியாது. அவரவர் துறையில் நின்று கரும்பு மாதிரி நேராகச் சொன்னார்கள். யார் பெயருக்கு யார் வந்து உட்கார்ந்தார் என்று பார்க்கத்தான் அங்கே ஒரு துறை இல்லை.

ஒரு மணி நேரம் சண்டை. பிறகு மூவரும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பினார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் எழில்மதி.

"ஒரே ஃபைல பன்னிரண்டு பேருக்கும் போட்டுட்டியாம்மா?" என்றார் சிவசங்கர். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இரண்டு வருடக் கூட்டு ஆய்வில் மூவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

"பிரச்சன எதுக்கு? அந்தப் பன்னிரண்டையும் எடுத்துட்டு மிச்சத்த எழுதிடலாம்," என்றார் டாக்டர். அதன் விளைவு எழில்மதிக்கு உடனே தெரிந்தது. ஊத முடியாதவர்கள்தான் ஆள் அனுப்பினார்கள். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர்கள் தெம்பானவர்கள். சாம்பலால் பெரிய கெடுதல் இல்லை என்று கட்டுரை அச்சாகும், அவள் பெயரையும் சுமந்துகொண்டு.

வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் கேட்டார்கள். பொய் ஃபைல் போட்டதாக ஆகிவிட்டால் படிப்பு போச்சு.

5

"என்னா எழிலு, மூஞ்சி தொங்கிகினு இருக்குது?"

சொன்னாள். சாமிக்கண்ணு லுங்கியை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே வந்து ஊதியிருக்கலாம்லப்பா."

"நீ கேட்டியேன்னு பேரு குடுத்தேன். துப்பச் சொன்ன, துப்புனேன். மூச்சக் கேட்டா எங்கம்மா போவேன்? வெளிய மருதமுத்து உக்காந்துகினு எவன் எப்பிடி இருமிகினு வரான்னு பாத்துகினு இருந்தான். இருமுறவனுக்கு மறுநாளு வேல கெடையாது."

"அது ஆராய்ச்சிப்பா. பேரு வராது."

"பேரு வராது. மூஞ்சி வருமே."

இருமல் வந்து பேச்சை அறுத்தது. முடித்துவிட்டுச் சொன்னார்: "உம் படிப்புக்குக் கேடுன்னா சொல்லு, வந்து ஊதறேன். வர்ற அளவுதான் வரும்."

"மத்த பத்து பேருப்பா?"

"அவனுங்க மூச்ச நான் எப்பிடி எடுத்துத் தர்றது?"

(இந்த இடத்தில் சாமிக்கண்ணுவை நான் நம்பவில்லை. இவ்வளவு சுலபமாக 'வந்து ஊதறேன்' என்று சொல்கிற ஆளா? முதல் பிரதியில் அவரை 'நீயே பாத்துக்க' என்று எழுந்து போக வைத்திருந்தேன். எழில்மதியிடம் கேட்டேன். "சொன்னாரு சார். ஆனா சுவத்தைப் பாத்துகினு சொன்னாரு," என்றாள். சுவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

எழில்மதி எல்லாவற்றையும் சொல்கிறாள். மூன்று துறையும் கைகோத்து, 'ஆள் மாறியதுதான் நமது உண்மையான கண்டுபிடிப்பு' என்று (அடித்துவிட்டேன். டீயா காபியா என்று முடிவெடுக்கவே அவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகும்.)

மெஷின் பழுது என்று எழுதிக் கொடுக்கிறாள். ஆனால் டாக்டர் ஏற்கெனவே மெஷின் சரி என்று

செல்வகுமார் கூட்டத்துக்குள் நுழைந்து, அட்டைக் குழாயைப் பிடுங்கி, பதின்மூன்றாவது முறை ஊதுகிறான். பதின்மூன்றாவது படமும் மற்றவற்றின் மேல் படிகிறது. (இது எனக்கே பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகம்.)

7

வியாழக்கிழமை சாயங்காலம் எழில்மதி என் வீட்டுக்கு வந்தாள். மேசைமேல் இரண்டு தாள் வைத்தாள்.

ஒன்றில் ஒரே வரி: 'ஒரே ஃபைலைப் பன்னிரண்டு பேருக்கும் போட்டது நான்.' இதைக் கொடுத்தால் அவள் கதை முடியும். பதினோரு பேரை யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொன்றில் நடந்தது நடந்தபடி, அப்பா யார் என்பதுவரை. கடைசியில், 'பதினோரு பேரையும் மறுபடி, நேரில் ஊத வைக்க வேண்டும்.'

"ரெண்டாவதத்தான் குடுக்கணும் சார். ஆனா அவங்க வரலைன்னா அது வெறும் பேப்பர். வரணும்னா அந்த எட்டாவது வரிய மாத்தணும். நீங்க எழுதுனதுதானே, நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது.' அது என் கையில் இல்லை, அடித்தேன். 'முடிவை மேஸ்திரியிடம் சொல்ல மாட்டோம்.' மேஸ்திரிக்குச் சொல்லவே வேண்டாமே, அவருக்குக் கண் இருக்கிறது. 'இது உங்கள் நன்மைக்காக.' அதை அவளே அடித்தாள். பதினான்கு வரி போனது. மூன்று துறையும் சேர்ந்து செய்ய முடியாததை என் பேனா செய்துவிடும் என்று நினைத்ததுதான் வேடிக்கை.

இரண்டு தாளையும் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் ஏழரை பஸ்ஸுக்கு முன்னால் வந்து ஒன்றை எடுத்துக்கொள்வாள். எதை என்பது அந்த ஒரு வரியைப் பொறுத்தது. என்னால் ஆகவில்லை. நீங்கள் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டாம். எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள், கேட்டுக்கு வெளியே ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்போடு. அதற்குப் பிறகும் சாமிக்கண்ணு சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே வருவார் என்று தோன்றினால் போதும்.

8

............................................................