மடித்துத் தைத்த வயர்

“ஈதர்நெட் வயர்னா மாடி வரைக்கும் இழுக்கலாம்மா. யு.எஸ்.பி. வயர் ரெண்டு முழம்தான். கம்ப்யூட்டர் ஹால்லயே, மோடத்தை ஒட்டித்தான் இருக்கணும்.”

“ரெண்டு முழமே போதும் தம்பி.”

நேற்று ரெண்டு வயரையும் வைத்துவிட்டுப் போன இன்டர்நெட் டெக்னீஷியனிடம் சொன்னதை நினைத்தபடி தையல்காரி மெஷினை மிதித்தாள். கணவர் கம்ப்யூட்டரோடு மாடியேறிவிட்டால் சாயங்காலமெல்லாம் ஹாலில் அவளுக்கு இந்த மெஷின்தான் துணை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறு காரணங்களைத் தேடினாள்.

“நீள வயர்னா இன்டர்நெட் வர்ற வழியிலேயே களைச்சுப் போயிடுங்க.”

“அது என்ன நடந்தா வருது?”

“படியில வழுக்கி விழுந்துட்டா?”

“யாரு, இன்டர்நெட்டா?”

கணவர் சிரித்துக்கொண்டே ஈதர்நெட் வயரின் முனையைப் பிடித்து மாடிக்கு இழுத்தார். பாதிப் படியிலேயே அது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். வயருக்குப் பூப்போட்ட துணியில் உறை போட்டு, பாவாடைக்கு வைப்பதுபோல் வரிசையாக மடிப்பு வைத்துத் தைத்திருந்தது.

“என்னம்மா இது?”

“நீளமா இருந்துச்சு. கொஞ்சம் பிடிச்சுத் தச்சேன்.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வயரைப் பிடிச்சுத் தைக்கிற அளவுக்கு அந்த மாடி உன்னை என்ன பண்ணுச்சு?”

கல்யாணமான நாளிலிருந்து தொண்டையிலேயே நின்றிருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

“சாயங்காலத்துல என் பக்கத்துலயே உக்காருங்களேன்.”