யாகோப்பு வாத்தியாரின் விருக்கம்

யாகோப்பு வாத்தியாருக்குச் சலம் போகும். சலம் என்ற சொல்தான் ஆகாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பேச்சு வந்த குழந்தை முதல் பல்லுப்போன கிழவர் வரை எல்லாரும் சலம் என்றுதான் சொல்கிறார்கள். வாத்தியார் அதைக் கேட்டால் பக்கத்தில் யாரோ காறித் துப்பியதுபோல் முகத்தைத் திருப்புவார். மூத்திரம் என்று சொல்ல வேண்டுமாம். குண்டிக்காய் என்று சொல்லவே கூடாதாம், அது விருக்கமாம். சலப்பை மூத்திராசயமாம். குண்டிக்காயிலிருந்து சலப்பைக்கு இறங்கும் குழாய்கள் இரண்டுக்கும் மூத்திரவாகினி என்று பெயர் வைத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் சாதித்ததுபோல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இவ்வளவு பெயர் வைத்தவருக்கு எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. அது பிறகுதான் வெளியே வந்தது.

அவருடைய மனைவி நேசமலருக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். அவள் விரும்பிப் படித்ததல்ல. மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் தலைமை வாத்தியாரின் வீட்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்தது ஓர் அரைச்சுவர் மட்டும். வருஷம் தவறாமல் மாரி தொடங்கும்போது ஐந்தாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் மூத்திர உறுப்புகள் வரும். அவர் ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். "விருக்கங்கள் இரண்டு. அவை இரத்தத்தை வடித்து மூத்திரத்தைப் பிரிக்கும். மூத்திரம் மூத்திரவாகினி வழியே இறங்கி மூத்திராசயத்தில் தங்கும். இடது விருக்கம் வலதிலும் சற்றுத் தாழ்ந்தது." நேசமலர் மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள். இரத்தத்துக்கு வடி வைத்த கர்த்தர் இந்த மனிசனின் வாய்க்கும் ஒன்று வைத்திருக்கலாமே என்று நினைப்பாள்.

பாடத்துக்கான படம் சீமையிலிருந்து வந்தது. தலையும் இல்லை, கையும் இல்லை, காலும் இல்லை, ஒரு முண்டம். உள்ளே அவரை விதைபோல் இரண்டு குண்டிக்காய், இரண்டு குழாய், ஒரு பை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் மட்டும் போட்டிருந்தது. எண்களுக்கு விளக்கம் எழுதிய தாள் கப்பலிலேயே தொலைந்துபோயிற்றாம். வேறொருவர் என்றால் ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டிருப்பார். யாகோப்பு வாத்தியாராவது, ஒருவரிடம் போய்க் கேட்கிறதாவது! தன்னுடைய இடது கைப் பக்கம் தெரிந்ததற்கு இடது விருக்கம் என்றும், வலது கைப் பக்கம் தெரிந்ததற்கு வலது விருக்கம் என்றும் கறுப்பு மையால் எழுதி, ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அது அப்படியே இருபது வருஷம் தொங்கியது.

முப்பத்துநாலாம் வருஷம் பங்குனியில் நேசமலருக்கு அந்த நோ வந்தது. முதுகின் வலப்பக்கம், விலாவுக்குக் கீழே பிடித்து, அங்கிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் படுக்கச் சொல்லும், படுத்தால் சுவரைப் பிறாண்டச் சொல்லும். சலம் தேயிலைச் சாயம்போல் சிவந்து போனது. பிறகு நோ தானாகவே விட்டது. சில நாள் கழித்து மறுபடியும் வந்து பிடித்தது.

பக்கத்து வளவுக் குணலட்சுமி வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து வந்து பார்த்தாள். "இது கல்லடைப்பு, எணை நேசம். உந்தக் கிணத்துத் தண்ணி கேத்திலுக்கையே வெள்ளையாய்ப் படியுது. உடம்புக்கை படியாதே?" என்று சொல்லிப் போய், நெருஞ்சில் அவித்த தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியார் செம்பை வாங்கி அப்படியே முருங்கையடியில் ஊற்றினார்.

"உதுகளுக்கு விருக்கம் எண்டால் என்னெண்டே தெரியாது. வைத்தியம் பாக்க வந்திட்டுதுகள்," என்றார்.

"அவள் எனக்கெல்லோ தந்தவள். முருங்கைக்கு நோவில்லை," என்றாள் நேசமலர்.

வீட்டுக்குள் அவளுக்கு வாய் இருந்தது. வேலிப் படலையைத் தாண்டி வெளியே போனால் இல்லை. அது அவள் ஒருத்தியின் குணமல்ல, அந்தக் குடும்பங்களின் வழக்கம். வெளியாள் ஒருவர் "என்ன செய்யுது?" என்று கேட்டால் பெண் தன் முந்தானையைப் பார்ப்பாள், புருஷன் சொல்வான். நோகிறது அவளுக்கு, சொல்கிறது அவன். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் முறை நோ வந்து அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்த பிறகுதான் வாத்தியார் வாடகைக் காருக்கு ஆளனுப்பினார். அவள் பின்சீற்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்க, அவர் முன்சீற்றில் கோட்டும் சால்வையுமாக இருந்து, டாக்குத்தரிடம் சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது நோ விட்டுவிட்டது. அந்தச் சனியனுக்கு அதுதான் பழக்கம்.

பெரிய டாக்குத்தர் வெள்ளைக்காரர், நல்ல நெட்டை. மறைப்புத் துணிக்குப் பின்னால் நேசமலரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வாத்தியார் காவல் நின்றார். டாக்குத்தர் அவளைப் பார்த்து, "அம்மா, என்ன..." என்று தொடங்கினார். அவ்வளவுதான், வாத்தியார் ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டார். அவள் சலம் போவது மிக்ரியூரிஷன் ஆயிற்று. அவளுடைய நோவுக்கும் நாலு முழத்தில் ஏதோ பெயர் வந்தது. அந்த வெள்ளத்தில் நேசமலருக்கு விளங்கியது ஒரேயொரு சொல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் அணிவகுத்து நடக்கும்போது கத்துகிற சொல், லெஃப்ற்.

டாக்குத்தர் இரண்டு விலாப் பக்கமும் அமத்திப் பார்த்தார். அந்நிய ஆணின் கை பட்ட கூச்சத்தில் அவளுடைய உடம்பு எங்கே தொட்டாலும் ஒரேமாதிரி இறுகியது. எந்தப் பக்கம் என்று அவர் மறுபடியும் கேட்டார்போலும், வாத்தியார் மறுபடியும் "லெஃப்ற்" என்றார். எக்ஸ்ரே என்கிற கதிர்ப்படம் பிடிக்கும் யந்திரம் அந்த ஆஸ்பத்திரியில் அப்போது இல்லை. கையால் பார்ப்பதும் வாயால் கேட்பதும்தான். கல் குழாயை அடைத்துக்கொண்டால் குண்டிக்காயே பழுதாகிவிடும், விடிந்ததும் விலாவுக்குக் கீழே வெட்டிக் கல்லை எடுத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

டாக்குத்தர் போனதும் நேசமலர் மெல்லக் கேட்டாள். "இஞ்சருங்கோ, லெஃப்ற் எண்டால் இடதெல்லோ. எனக்கு நோ வலப்பக்கம்."

"உமக்கு நோ மேலையோ கீழையோ?"

"கீழை."

"தாழ்ந்த விருக்கம் இடது. அப்ப நோவும் இடது."

"என்ரை கை எந்தப் பக்கத்தைப் பிடிச்சதெண்டு எனக்குத் தெரியாதே?"

"நோவிலை ஆருக்கும் பக்கம் விளங்காது. இருபது வரியமாய் நான் படிப்பிக்கிறன். பேசாமல் படும்."

அவள் பேசாமல் படுத்தாள். அவ்வளவு படித்த டாக்குத்தர் இந்த ஆளின் சொல்லைக் கேட்டு வெட்டமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பது வருஷம் இந்த வாயைச் சகித்தது போதாதென்று, இப்போது உடம்பையும் அந்த வாயிடமே ஒப்படைத்துவிட்டுப் படுத்திருக்கிறேனே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

விடிந்ததும் நேர்ஸ் சீலா ஒரு கிண்ணத்தில் அயோடினும் பஞ்சும் கொண்டுவந்தாள். "மற்றப் பக்கம் திரும்பிப் படுங்கோ, அம்மா," என்றாள். நேசமலரின் இடது விலாவுக்குக் கீழே பஞ்சு குளிர்ந்தது, பிறகு எரிந்தது.

"ஏன் பிள்ளை உந்தப் பக்கம் பூசிறாய்?"

"உந்தப் பக்கந்தானே வெட்டிறது. மாஸ்ரர் டாக்குத்தருக்குச் சொன்னவராம்."

நேசமலர் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு குறையும் இல்லாத குண்டிக்காயை வெட்டித் திறந்து பார்ப்பார்கள். கல் கிடக்கிற குண்டிக்காய் கல்லோடு மற்றப் பக்கம் கிடக்கும். நல்லது வெட்டுப்பட்டுப் பழுதாகும், கெட்டது அடைத்துப் பழுதாகும், பிறகு சலம் எங்கே போவது? செத்துப்போவாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்த மனிசன் விருக்கம் என்று விளக்கம் சொல்லும். பயம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"டாக்குத்தரைக் கூப்பிடு," என்றாள்.

"மாஸ்ரரைக் கூப்பிடட்டே, அம்மா?"

"அந்தாளை ஏன்? கல்லு அந்தாளின்ரை குண்டிக்காய்க்கையே கிடக்குது?"

இரண்டு பேருமே வந்தார்கள். வாத்தியார் வரும்போதே ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். நேசமலர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். முந்தானையைப் பார்க்கவில்லை. டாக்குத்தரின் முகத்தைப் பார்த்து, வலது கையைத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தாள்.

"ஐயா, இவரை விடுங்கோ. நோ இஞ்சை. இந்தப் பக்கத்துக் குண்டிக்காய். நோ வரேக்கை சலத்திலை இரத்தம் போகுது. இவருக்குத் தெரிஞ்சது பள்ளிக்கூடத்துப் படம். எனக்குத் தெரிஞ்சது என்ரை உடம்பு." பிறகு சீலாவைப் பார்த்தாள். "பிள்ளை, இதை இங்கிலீசிலை சொல்லு."

"இங்கிலீசு வேண்டாம், அம்மா. எனக்கு விளங்குது," என்றார் டாக்குத்தர்.

சுத்தமான யாழ்ப்பாணப் பேச்சு. பதினைந்து வருஷமாக வார்ட்டில் சனங்களோடு கதைத்துப் பழகிய மனிசன். முதல்நாளும் தமிழில்தான் வாயெடுத்தார், வாத்தியார் விட்டால்தானே.

டாக்குத்தர் அவளுடைய வலப்பக்கம் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மெல்லக் குத்தினார். நேசமலருக்கு உயிர் போய் வந்தது. இடப்பக்கமும் அப்படியே குத்தினார். ஒன்றும் இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. "நேற்று நான் உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும், அம்மா," என்று சொல்லிவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாஸ்ரர் இடது எண்டு சொன்னியள்?"

வாத்தியார் படத்தைப் பற்றிச் சொன்னார். தாழ்ந்த விருக்கம் இடதுதானே என்றார். குரலில் பாதிதான் வெளியே வந்தது.

"தாழ்ந்தது வலது," என்றார் டாக்குத்தர். "வலப்பக்கம் மேலை ஈரல் கிடக்குது. அதாலை அந்தக் குண்டிக்காய் கொஞ்சம் கீழை. உங்கடை படத்துக்கு ஒரு முகம் இருந்தால், அது உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும். அந்த ஆளின்ரை வலது உங்களுக்கு இடதாய்த் தெரியும்."

வாத்தியார் தன் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். இருபது வருஷம் தலைமை வாத்தியார், இடதெது வலதெது என்று கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீலா சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினாள். நேசமலருக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"பிள்ளை, இதைத் துடைச்சுப்போட்டு மற்றப் பக்கம் பூசு," என்றாள்.

வலது குண்டிக்காயிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு கல் வந்தது. காயம் ஆறி அவள் வீட்டுக்கு வந்ததும் சனங்கள் பாணும் பழமும் கொண்டு பார்க்க வந்தார்கள். வாத்தியார் முன்விறாந்தையில் கால்மேல் கால் போட்டு இருந்து, அது சிக்கலான கேஸ் என்றும், தானும் டாக்குத்தரும் கலந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்ததாகவும் சொன்னார். கலந்து கதைத்தாராம். உள்ளே படுத்திருந்த நேசமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுத்தது.

மாரி தொடங்கியது. ஐந்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. நேசமலர் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டு காதைக் கொடுத்தாள். மாற்றிச் சொல்லுவாரோ என்று பார்த்தாள். அரைச்சுவருக்கு மேலால் படம் தெரிந்தது. இடது, வலது என்ற இரண்டு சொற்களையும் பிளேட்டால் சுரண்டி எடுத்திருந்தார். இப்போது இரண்டு பக்கமும் வெறும் விருக்கம் என்றுதான் இருந்தது.

"விருக்கங்கள் இரண்டு," என்றார் வாத்தியார். பிள்ளைகள் சொன்னார்கள். வடிப்பது வந்தது, இறங்குவது வந்தது, தங்குவது வந்தது. பிறகு அவர் கொஞ்சம் இருமினார். "ஒரு விருக்கம் மற்றதிலும் சற்றுத் தாழ்ந்தது."

பிள்ளைகள் அதையும் சொன்னார்கள். சொல்லி முடிந்ததும் ஒரு பெட்டைப் பிள்ளையின் குரல் கேட்டது. "எந்த விருக்கம், ஐயா?"

"அதைப் பெரிய வகுப்பிலை படிக்கலாம். இரும்."

நேசமலர் கத்தியைக் கீழே வைத்தாள். பிழையாகச் சொல்லிக் கொடுத்தது இருபது வருஷம். இப்போது சொல்லாமலே விடப் பார்க்கிறார். தன் வாயால் வலது என்று சொல்ல இந்த மனிசனுக்கு அவ்வளவு கஷ்டம். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கட்டிலில் கிடப்பாள். ஒருத்தன் தலைமாட்டில் நின்று அவளுக்காகக் கதைப்பான். நேசமலர் மீன் செதில் ஒட்டிய கையோடு எழும்பிப் போய் அரைச்சுவருக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"வலது," என்றாள். "வலப்பக்கக் குண்டிக்காய்தான் தாழ்ந்தது."

அந்த வகுப்பு, பெரியவர்கள் ஒரு வரி சொன்னால் திருப்பிச் சொல்லிப் பழகிய வகுப்பு. யார் சொன்னது, எந்தப் பக்கத்திலிருந்து சொன்னது என்றெல்லாம் அது பார்க்காது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. "வலப்பக்கக் குண்டிக்காய்தான் தாழ்ந்தது."

வாத்தியார் படத்தைப் பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றாள் நேசமலர்.

பிள்ளைகள் இன்னும் பலமாகச் சொன்னார்கள்.