பெரட்டு மணி

ஓய்வுக்காலத்தைச் சிடாம் கிரித் தோட்டத்தில் கழிக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார் அங்கே முன்பு கணக்கெழுதிய பழைய கிராணி ஹெர்பர்ட். சுங்கை பட்டாணி டவுனில் ஜப்பான்காரன் கெடுபிடி, அரிசிக்கு நாள் முழுக்க வரிசை. இங்கே காய்ச்சல் வந்தால் மருந்து கிடையாது; ஆனால் மரவள்ளி நடலாம், ஈ காக்கை சத்தமில்லை.

“டவுனே வேணாம் அகத்தா. இந்த அமைதி போதும்லா,” என்றார் மனைவியிடம். பழைய ஞாபகத்தில், ஆட்களைப் பேர் வாசிக்கும் காலைப் பெரட்டுக்குக் கூப்பிடும் மணியை இரண்டு தட்டுத் தட்டினார்.

லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் பாய்ந்து வந்து மணியை இறுகப் பிடித்தாள்.

“இத அடிச்சுக் கூப்பிட்டுத்தான் எங்க ஆம்பளைங்கள சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரனுங்க லோரியில ஏத்துனானுங்க; ஒருத்தரும் திரும்பல. இப்ப யார ஏத்த வந்தீங்க, கிராணியய்யா?”