பஸ்ஸைப் பூட்டியவர்

என் மனைவி என்னைவிட நல்ல காமெடியன். இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். கேட்கிறவர்கள், "ரொம்பப் பெருந்தன்மைங்க உங்களுக்கு" என்கிறார்கள். பெருந்தன்மையாவது மண்ணாங்கட்டியாவது. உயரமானவளை உயரம் என்று சொல்ல என்ன பெருந்தன்மை வேண்டிக்கிடக்கிறது? நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிச் சிரிக்கவைக்கிற கூட்டத்தை அவள் ஒரு புருவத்தைத் தூக்கிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு ஓரமாக நின்று நானும் சிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் காமெடிக் குழுவில் நாங்கள் இரண்டு பேர் போக இன்னும் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மேடையிலும் அவருக்குக் கணக்கு என்றுதான் பெயர். இன்னொருத்தி கோர்ட்டில் டைப்பிஸ்ட். கண்ணாடி தடிமனாக இருப்பதால் யாரும் சொல்வதற்கு முன்னால் தனக்குத் தானே சோடாபுட்டி என்று பெயர் வைத்துக்கொண்டவள். ஒரு அச்சகத்துக்கு மேல்மாடிதான் எங்கள் அரங்கம். கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும், ஜோக் எடுபடாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் நாங்கள் மைக்கைப் போடுவோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி ஜோக் சொல்லப்போகிறோமோ அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்க வேண்டும். அவரைக் கூப்பிடவும் வேண்டும். சோடாபுட்டி கொண்டுவந்த சட்டம் இது. "மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததை மைக்ல சொன்னா அது காமெடி இல்ல, கோள்மூட்டறது" என்பாள். கவுன்சிலரைக் கூப்பிட்டோம், டிவியில் கத்துகிறவரைக் கூப்பிட்டோம். ஒருத்தரும் வந்ததில்லை. கவுன்சிலர் மட்டும் தன் உதவியாளரை அனுப்பினார். அந்த மனுஷர் நாற்காலியே உடைகிற மாதிரி சிரித்துவிட்டு, மறுநாள் போலீஸில் எங்கள் மேல் புகார் கொடுத்தார்.

இப்போது அந்த நாற்காலியில் என் மாமனார் உட்கார வேண்டியிருந்தது. வம்பு அங்கேதான்.

மாமனார் அரசாங்க பஸ் டிரைவர். டிப்போவில் பிரேக் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் மார்க்கெட் பக்கத்துச் சரிவில் பிரேக் சுத்தமாகப் போய்விட்டது. வண்டி நிறைய ஜனம். மனுஷர் ஒடித்துத் திருப்பி, சாலையோரம் கொட்டியிருந்த மணல்மேட்டில் பஸ்ஸை ஏற்றி நிறுத்தினார். ஒருத்தருக்கும் பெரிதாக அடியில்லை. ஆனால் மணல்மேட்டுக்குப் பின்னால் போக்குவரத்துத் துறையின் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை' என்று எழுதி, பக்கத்தில் அமைச்சர் கும்பிட்டுக்கொண்டிருப்பார். பஸ் அதைக் கிழித்துக்கொண்டு போய்த்தான் நின்றது. அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று மாமனாரை சஸ்பெண்ட் செய்தார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாரோ ஒரு புண்ணியவான் போனில் வீடியோ எடுத்திருந்தான். மோதியதில் நொறுங்கி, பஸ்ஸுக்கு முன்கண்ணாடியே இல்லை. யானையே உள்ளே போய் வரலாம். மாமனார் நிதானமாக இறங்கி, கதவைச் சாத்தி, சாவி போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் வீடியோ. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டு டிரைவர் என்று பெயர் வைத்தார்கள். பாட்டுப் போட்டு ஓட்டினார்கள். அன்றிலிருந்து மாமனார் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தவிர்க்க முடியாமல் வந்தால் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொள்வார். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஊருக்கே கையசைத்துப் போன மனுஷர்.

ஒரு மத்தியானம், காலி அரங்கத்தில் டீயை வைத்துக்கொண்டு நாங்கள் சண்டை போட்டோம். என் மனைவி அமைச்சர், பேனர், பிரேக் எல்லாவற்றையும் பேசிக் காட்டினாள். பிரமாதமாக இருந்தது. கடைசியில் மெதுவாக, "பூட்டையும் பேசப்போறேன்" என்றாள்.

"பேசாம பின்னே?" என்றார் கணக்கு. "ஊர் முழுக்க அதுக்குத்தான் சிரிக்குது. அதை விட்டுட்டு மத்ததைப் பேசினா விடையை எழுதாம வழியை மட்டும் எழுதின மாதிரி."

"ஊர் அவரைப் பார்த்து சிரிக்குது சார்," என்றாள் சோடாபுட்டி. "நாமளும் சேர்ந்து சிரிச்சா நமக்கும் அந்த வீடியோ எடுத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? அமைச்சரை அடி, டிப்போவை அடி. மேல இருக்கிறவனை அடிச்சா காமெடி. கீழ விழுந்தவரை அடிச்சா அடி, அவ்வளவுதான்."

"அப்போ யார் மனசும் நோகாத ஜோக்கா சொல்லலாமா? வானிலை அறிக்கைதான் வாசிக்கணும்," என்றார் கணக்கு.

"மழை பெய்யலைன்னாலும் இப்ப ஒரு கட்சி கோவிச்சுக்குது," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இது பழக்கம்தான்.

பிறகு எனக்கும் கோபம் வந்தது. "அவர் உங்க அப்பாடி. ஏற்கெனவே மனுஷர் சுருண்டு கிடக்கிறார். நீயும் மேடையில ஏறிப் பூட்டிக் காட்டினேன்னு வை, அவர் ஜென்மத்துக்கும் வாசல்படி தாண்ட மாட்டார். அப்புறம் உன் காமெடியை நீயே வெச்சுக்க வேண்டியதுதான்."

"அதனாலதான் பேசறேன்" என்றாள். "அதைத் தொடாம விட்டா, எங்கப்பா வெட்கப்படற மாதிரி எதையோ பண்ணிட்டார்னு நானும் ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

"முடிவு எப்படி வரும்? அதைச் சொல்லு."

"முடிவை நான் பார்த்துக்கறேன். நீ சும்மா இரு." அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

நானும் அவளும் கூப்பிடப் போனோம். பகலிலேயே திரை இழுத்துவிட்ட அறையில் மாமனார் அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேய்த்து மடித்த சீருடை அலமாரியின் மேல் இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் தினமும் காலையில் அதைத் தேய்க்கிறாராம்.

"அப்பா, சனிக்கிழமை உங்களைப் பத்திப் பேசப்போறேன்."

"ஊரே பேசுது. நீ மட்டும் என்ன பாவம் பண்ணே? பேசு."

"உங்க எதிர்ல பேசணும். முன்னாடி நாற்காலி போட்டு வெப்பேன்."

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"நான் சொல்லி அவ கேட்டு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா மாமா?"

"நான் சொல்லியே கேட்டதில்ல" என்றார். ஒரு நொடி அவர் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. உடனே அணைந்துவிட்டது. "நான் வரல. அங்கேயும் வந்து உட்கார்ந்து சிரிப்பு வாங்கணுமா?"

அவள் கெஞ்சவில்லை. "நாற்காலி இருக்கும்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பும் வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்று அமைச்சருக்கு, ஒன்று மாமனாருக்கு. நானும் கணக்கும் பேசி முடித்தோம். அவள் மேடையேறுகிற சமயத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு தொப்பி உள்ளே வந்தது. தலையைக் குனிந்தபடியே நடந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அமைச்சரின் நாற்காலியில் வைத்தது.

அவள் ஆரம்பித்தாள்.

"எங்க ஊர்ல நீங்க கையைக் காட்டினா பஸ் நிக்காது. ஓடிப்போய்க் கத்தினாலும் நிக்காது. அன்னைக்கு அமைச்சர் ரெண்டு கையையும் கூப்பி நின்னார். நின்னுடுச்சு. நமக்கெல்லாம் கும்பிடத் தெரியல, அவ்வளவுதான்."

கூட்டம் பிடித்துக்கொண்டது.

"அமைச்சர் பஸ்ல ஏறினதே அன்னைக்குத்தான். அதுவும் முன்பக்கமா. டிக்கெட்டும் எடுக்கல."

சிரிப்பு அலையாக எழுந்தது. தொப்பி அசையவில்லை. பிறகு அவள் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு இல்லாத பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இல்லாத கதவைச் சாத்தினாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். அச்சு அசல் அவருடைய நடை, அவருடைய தோள். அரங்கம் வெடித்தது. பின்வரிசையில் ஒருத்தன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். இவ்வளவு பெரிய சிரிப்பை அந்த மாடி கேட்டதே இல்லை. தொப்பி இன்னும் கீழே இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். பார்க்க முடியவில்லையாம்.

சிரிப்பு வந்தால் அதன் மேல் அடுத்ததைப் போட்டு ஏற்ற வேண்டும். எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அவள் கையை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினாள். முழுசாக அடங்கும்வரை நின்றாள். எந்தக் காமெடியனும் செய்ய மாட்டாத காரியம். கடைசிச் செருமலும் ஓய்ந்த பிறகு மைக்கை எடுத்தாள்.

"சின்ன வயசுல நான் எங்கப்பாவோட கடைசி டிரிப்ல போவேன். எல்லாரும் இறங்கினதும் அவர் பின்சீட் வரைக்கும் நடப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே குனிஞ்சு பார்ப்பார். தூங்கறவங்க இருப்பாங்க. ஒரு தடவை ஒரு குழந்தையே இருந்துச்சு. யாரும் இல்லன்னு தெரிஞ்சாதான் பூட்டுவார். எங்கப்பா பூட்டினா, எல்லாரும் பத்திரமா இறங்கியாச்சுன்னு அர்த்தம். கண்ணாடி இருக்கா இல்லையான்னு அவர் பார்க்கல. உள்ளே ஆள் இருக்கான்னு பார்த்தார். அன்னைக்கு அந்தத் துறையில தன் வேலையை முழுசா முடிச்ச ஒரே ஆள் அவர்தான். அதுக்குத்தான் நாம எல்லாரும் சிரிச்சோம்."

இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், இதை என்னிடம் சொன்னதில்லை.

"ஆனா பூட்டறதுக்கு முன்னாடி உள்ளே ஒருத்தர் மிச்சம் இருந்தார்" என்றாள். அந்தப் புருவம் மெல்ல உயர்ந்தது. "அமைச்சர். ஸ்டியரிங் மேல படுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருந்தார். எங்கப்பா அவரையும் எழுப்பி, தூசி தட்டி, பத்திரமா மடிச்சு ஓரமா வெச்சுட்டுத்தான் பூட்டினார்."

கூட்டம் மறுபடி வெடித்தது. இந்த முறை சிரிப்பு போய் விழுந்த இடமே வேறு. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மடிக்கலம்மா. சுருட்டித்தான் வெச்சேன்."

மேடையில் இருந்தவளுக்கே அது செய்தி. அந்த ஒன்றை அவள் சிரிப்புக்காகக் கற்பனையாகச் சேர்த்திருந்தாள். நிஜமாகவே மனுஷர் செய்திருக்கிறார். "மடிச்சா மூஞ்சியில கோடு விழும்" என்று மாமனார் விளக்கமும் கொடுத்தார். அவ்வளவுதான். கணக்கு சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றைய பெரிய சிரிப்பு என் மனைவிக்குக் கிடைக்கவில்லை. அவள் அப்பா தட்டிக்கொண்டு போய்விட்டார். தோற்றுப்போன அவளுடைய முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அருமையான பெண்ணைத்தான் கட்டியிருக்கிறேன் என்று எனக்கு மார்பு விம்மியது.

விசாரணை இன்னும் பாக்கி இருக்கிறது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. படியிறங்கும்போது அதைத்தான் நாங்கள் பேசிக்கொண்டு போனோம். அச்சக வாசலில் நடுவயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். நிகழ்ச்சிக்கு வந்தவர் இல்லை, தெருவில் போகிறவர். மாமனாரை உற்றுப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு கிட்டே வந்தார்.

"சார், நீங்க அந்த பஸ்ஸைப் பூட்டினவர்தானே?"

என் மனைவி என் கையைப் பிடித்தாள். மாமனார் தொப்பியைக் கழற்றினார்.

"ஆமாங்க, நான்தான்" என்றார். "உள்ளே யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் பூட்டினேன்."