வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு

ஆண்கள் வரிசையில் நின்றவர் சீட்டை நீட்டியதும், வாக்குச்சாவடி அலுவலர் என் கணவரின் பெயரை உரக்கப் படித்தார். அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. வருகைப் பதிவு எடுத்துப் பழகிய குரல். நானூற்றுப் பன்னிரண்டு. அடுத்த எண் என்னுடையது.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் என் கணவரும் ஒரே வாரத்தில், ஒரே மருத்துவமனையில் இறந்தார்கள். உறுப்பினரின் இடம் காலி என்று முறைப்படி அறிவித்து, இடைத்தேர்தலுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். என் வீட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் படிவத்தோடு மூன்று முறை ஆள் வந்தார். மூன்று முறையும் "வெளியே போயிருக்கார்" என்று சொல்லி அனுப்பினேன். இறந்துவிட்டார் என்று நான் என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களே அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நிறுத்துங்க டீச்சர்!" கட்சி முகவர்கள் பெஞ்சிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுந்தார். "இவரு அவருன்னா நான் மந்திரி!"

வரிசையில் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. "அந்த அண்ணன் போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. தோள் குடுத்தவன் நான். இதோ, அக்காவே நிக்கிறாங்க, கேளுங்க."

அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். முன்பின் பார்த்ததில்லை. கள்ள ஓட்டுப் போட வந்தவருக்கு இருக்க வேண்டிய பதற்றம் துளியும் இல்லை. கடையில் நான் பேரம் பேசி முடிக்கும்வரை என் கணவர் நிற்பாரே, அப்படிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஆசிரியை. "இவர் உங்க வீட்டுக்காரரா? இல்லேன்னா, அவர் இறந்துட்டார்னு எழுதிக் குடுங்க. நான் போலீஸைக் கூப்பிடறேன்."

பேனாவை என்னிடம் நீட்டினார். அந்தச் சொல்லை எழுத நான் கை நீட்டவில்லை.

"அவர்தான்," என்றேன்.

"அக்கா..." என்றார் தையல்காரர். மெல்ல உட்கார்ந்தார். தன் வலது தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று நினைவில்லை. வெளியே நல்ல வெயில். அந்த ஆள் இதற்குள் எங்காவது ஓடி மறைந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசல் கேட் அருகே நின்று, விரலில் வைத்த மையை வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமா?" என்றார். "சாவி உங்கிட்டதானே இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன். தெருமுனை வந்ததும், எந்தப் பக்கம் போகிறார் பார்ப்போம் என்று வேண்டுமென்றே நின்றுகொண்டேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் திரும்பினார். மூன்று வீடுகளைத் தாண்டினார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் பூட்டைத் திறக்க இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.